நாய் உறுமினால் அடிக்காதீர்கள்

இந்த வாரமும் ஒன்று வந்தது. மூன்று வயது லாப்ரடார். வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த பேரனின் கையைக் கடித்துவிட்டது. "எந்த அறிகுறியும் காட்டலை டாக்டர், திடீர்னு பாய்ஞ்சிடுச்சு" என்றார் தாத்தா. ஊசி போட்டு நாயின் கதையை முடித்துவிட முடியுமா என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

காதைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டிலும் சீழ், நாற்றம். தொட்டாலே தலையை இழுத்துக்கொண்டது. பையன் பாசமாக அந்தக் காதைப் பிடித்து இழுத்திருக்கிறான். "இதுக்கு முன்னாடி உறுமியிருக்கா?" என்று கேட்டேன். "முன்னாடி உறுமும். பேப்பரைச் சுருட்டி நாலு போட்டோம். அப்புறம் உறுமுறதே இல்லை" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

இதே கதையை வேறு வேறு நாய்களின் பெயரில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

உறுமல் ஓர் எச்சரிக்கை. 'வலிக்கிறது, பயமாக இருக்கிறது, தள்ளிப் போ' என்பதை நாயால் சொல்ல முடிந்த மிக நாகரிகமான வழி அது. உறுமும்போதெல்லாம் அடி விழுந்தால், உறுமக் கூடாது என்று நாய் கற்றுக்கொள்ளும். காது வலி போகாது. சிறுவர்கள் மேல் உள்ள பயம் போகாது. அவர்கள் பக்கத்தில் வரும்போதெல்லாம் அடியும் வருவதால் பயம் கூடத்தான் செய்யும். இடையில் இருந்த எச்சரிக்கையை மட்டும் நாமே அழித்துவிட்டோம். மிச்சம் இருப்பது பல்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1898-இல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் பசித்த பூனைகளை மரக்கூண்டில் அடைத்து, வெளியே உணவை வைத்தார். எந்த அசைவு கதவைத் திறந்ததோ அந்த அசைவு அடுத்தடுத்த முறை சீக்கிரம் வந்தது, பயன்படாதவை உதிர்ந்தன. முயன்று தவறிக் கற்றல் என்று பி.எட். படித்தவர்கள் மனப்பாடம் செய்த பகுதிதான். சோறு வருவதற்கு முன் ஒரு சத்தம் கேட்டுக் கேட்டுப் பழகி, பிறகு அந்தச் சத்தத்துக்கே ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறிய கதையும் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காக என்பதுதான் பலருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் விஷயம் இவ்வளவுதான்: தன் செயலுக்கு உடனே என்ன விளைவு வந்தது என்பதை விலங்கு கவனிக்கிறது, எதற்குப் பின்னால் எது வந்தது என்பதையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அடிக்கிறவர் முதல் பாடத்தை நடத்துவதாக நினைத்துக்கொண்டிருப்பார். நாய் இரண்டாவதையும் சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கும்.

சரி, என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் நம்பிக்கைக்கு வருகிறேன். "தப்பு செஞ்சது அதுக்கே தெரியும் டாக்டர். நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அது முகத்தைப் பார்க்கணுமே!"

காலையில் பூட்டிவிட்டு ஆபீஸ் போகிறீர்கள். பத்து மணிக்கு நாய் செருப்பைக் கடித்துப் போடுகிறது, அல்லது ஹாலில் மூத்திரம் போய்விடுகிறது. மாலை ஆறரைக்குக் கதவைத் திறக்கிறீர்கள். நாய் காதை மடக்கி, வாலை ஒடுக்கி, கண்ணைத் திருப்பிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போகிறது. 'குற்ற உணர்ச்சி' என்று முடிவு கட்டி, மூக்கைப் பிடித்து மூத்திரத்தில் தேய்க்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த முகத்தில் இருப்பது பயம். தரையில் ஈரம் இருக்கும்போது நீங்கள் உள்ளே வந்தால் அடி விழுகிறது என்பதை அது கற்றிருக்கிறது. பத்து மணிக்குத் தான் செய்ததுதான் இதற்குக் காரணம் என்று அது கணக்குப் போடுவதில்லை.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 14 நாய்கள். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியே போவார். திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சொல்வார்கள். சில முறை வேண்டுமென்றே தவறாகச் சொல்வார்கள். அந்த 'குற்ற முகம்' தப்பு செய்த நாய்களிடம் கூடுதலாக வரவில்லை. திட்டு வாங்கிய நாய்களிடம்தான் வந்தது. ஒன்றுமே செய்யாமல் திட்டு வாங்கியவற்றிடம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நிரபராதி முகத்தைத்தான் நாம் குற்றவாளி முகம் என்று படித்துக்கொண்டிருக்கிறோம்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே யோசித்துப் பாருங்கள். இரண்டு நாய் வளர்ப்பவர்கள் சொல்வார்கள்: செருப்பைக் கடித்தது ஒன்று, பதுங்குவது இரண்டும்.

ஒருவர் விவரமாகவே எதிர்க்கேள்வி கேட்டார்: "கெட்டுப்போன மீனைத் தின்னு ராத்திரி வாந்தி எடுத்துச்சு. அப்புறம் மீன் பக்கமே போகலை. சில மணி நேரம் கழிச்சு வந்த விளைவை மட்டும் எப்படிப் புரிஞ்சுக்கிச்சு?" நல்ல கேள்வி. ஜான் கார்சியா என்ற உளவியலாளர் எலிகளை வைத்துக் காட்டியது இதைத்தான். சுவைக்கும் குமட்டலுக்கும் நடுவே மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் உடல் இரண்டையும் இணைத்துவிடும். விஷத்திலிருந்து தப்பிக்க உயிர்களுக்கு அமைந்த தனி ஏற்பாடு அது. செருப்புக்கும் பெல்ட் அடிக்கும் நடுவே அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

அப்புறம் அந்தப் பழமொழி. அடியாத மாடு படியாதாம். படியும், மறுக்கவில்லை. அடி ஒரு செயலை நிறுத்தும், அதுவும் அடிக்கிறவர் எதிரில் இருக்கும்வரை. அந்த இடத்தில் வேறு என்ன செய்ய வேண்டும் என்பதை அடி சொல்லித் தருவதே இல்லை. ஹாலில் மூத்திரம் போனதற்கு அடி வாங்கிய குட்டி, தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று புரிந்துகொள்ளாது. உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போகும். வாக்கிங்கில் உங்கள் எதிரில் போகவே போகாது. பிறகு என்னிடம் வந்து "பிடிவாதம் பிடிக்குது" என்பீர்கள்.

"டிரெய்னரிடம் விட்டோம், இப்ப சாதுவாயிடுச்சு" என்று சிலர் கொண்டுவருவார்கள். மேசை மேல் ஏற்றினால் அசையாது. பிஸ்கட்டை நீட்டினால் வாங்காது, வாயை நக்கிக்கொண்டு சுவரைப் பார்க்கும். இதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். 1967-இல் செலிக்மன், மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனையில், எதைச் செய்தாலும் தப்ப முடியாத மின்னதிர்ச்சி சில நாய்களுக்குக் கொடுக்கப்பட்டது. பிறகு தாண்டினால் தப்பிவிடலாம் என்ற நிலையில் வைத்தபோதும், அவற்றில் பெரும்பாலானவை முயற்சிகூடச் செய்யாமல் வாங்கிக்கொண்டு கிடந்தன. அடங்கிக் கிடப்பதை அவை கற்றுக்கொண்டன என்றுதான் அப்போது விளக்கினார்கள். 2016-இல் அந்த இருவரே அதைத் திருத்தினார்கள்: நீடித்த வேதனைக்கு முடங்கிப்போவது உடலின் இயல்பு, 'நான் செய்வதற்குப் பலன் உண்டு' என்பதுதான் கற்க வேண்டியது. எப்படியானாலும், அசையாத நாய் எல்லாம் பயிற்சி பெற்ற நாய் இல்லை.

இன்னொரு கோஷ்டி அடிப்பதில்லை, செல்லம் கொடுத்தே கெடுக்கும். சாப்பிடும்போது நாய் குரைத்துக் கேட்கிறது. மூன்று நாள் கொடுக்காமல் இருக்கிறார்கள். நான்காவது நாள் பாட்டிக்கு மனசு தாங்காமல் ஒரு துண்டு கறி விழுகிறது. எப்போதாவது மட்டும் கிடைக்கும் பலன்தான் ஒரு பழக்கத்தை விடாப்பிடியாக்கும். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் இதைப் புறாக்களிடமும் எலிகளிடமும் விரிவாக அளந்து காட்டினார். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கொடுப்பதை அடியோடு நிறுத்தினால் முதலில் குரைப்பு இன்னும் மோசமாகும். 'வேலை செய்யவில்லை' என்று பெரும்பாலோர் கைவிடுவது அந்த நாட்களில்தான். அங்கே விட்டுக்கொடுத்தால், இன்னும் சத்தமாகக் குரைத்தால் கிடைக்கும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். ஆகவே பாட்டியிடம் முதலில் பேசுங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நடத்தை திடீரென்று மாறினால் முதலில் உடம்பைக் காட்டுங்கள். காது, பல், இடுப்பு மூட்டு, மூத்திரப் பாதை, உண்ணிக் காய்ச்சல். வலியோடு இருக்கும் விலங்குக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. நாய் உறுமினால் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். குழந்தையை விலக்குங்கள், எதற்காக உறுமியது என்று குறித்துவைத்துக்கொண்டு வந்து சொல்லுங்கள். தூங்கும் நாயையும் தின்னும் நாயையும் குழந்தைகள் தொடக் கூடாது. சின்னக் குழந்தையையும் நாயையும், எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், தனியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

குட்டியைத் தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப் போங்கள். போய் முடித்த அந்த நொடியில், அங்கேயே, ஒரு துண்டு பிஸ்கட். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குத்தான் பிஸ்கட் என்று நினைத்துக்கொள்ளும். உள்ளே போய்விட்டால் பேசாமல் துடையுங்கள், அவ்வளவுதான்.

கடித்துவிட்டால், சொந்த நாயாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். தடுப்பூசி போட்ட நாய்தானே என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். ஊசி வேண்டுமா, எத்தனை வேண்டும் என்பதை அங்கே உள்ள டாக்டர் சொல்லட்டும். சொன்னால் பாதியில் விடாதீர்கள்.

பயந்த நாயைப் பழக்கவும் வழி இருக்கிறது, பழைய வழிதான். மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1924-இல், முயலைக் கண்டால் அலறும் ஒரு சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயலைத் தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் அவனே அதைத் தொட்டு விளையாடினான். வெடிச்சத்தத்துக்கும் இதையேதான் செய்கிறோம். செல்போனில் பட்டாசுச் சத்தத்தை நாய் கண்டுகொள்ளாத அளவுக்கு மெல்ல வைத்து, கூடவே கோழித்துண்டு. அது நிம்மதியாகத் தின்றால் மட்டும் மறுநாள் ஒரு புள்ளி கூட்டுங்கள். பதறினால் பழைய அளவுக்கே இறங்குங்கள். இதற்கு வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். ஆடி மாதமே ஆரம்பித்தால் நல்லது. மருந்து தேவைப்படும் நாய்களும் உண்டு. அதற்கும் முன்கூட்டியே கூட்டி வந்தால்தான் உடம்பைச் சோதித்து அளவு சொல்ல முடியும். தீபாவளிக்கு முந்தைய நாள் ராத்திரி போன் செய்து "தூக்க மாத்திரை ஏதாவது சொல்லுங்க டாக்டர்" என்று கேட்காதீர்கள். தாத்தாவின் மாத்திரையில் பாதியை ஒடித்துக் கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.