ஆமா போட ஒரு ஆள்

திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் பக்கம் சாயங்காலமானால் பீடி சுற்றும் பெண்கள் மடியில் சுளகோடு டிவி முன்னால்தான் இருப்பார்கள். கை இலையை உருட்டும், வாய் தீர்ப்பு சொல்லும். சீரியலில் முதலாளி பணத்தைக் கையாடிய மருமகனுக்கு “பாவம், அவன் என்ன செய்வான்” என்று கிடைக்கும். மருமகள் வைத்த குழம்பில் யாரும் பார்க்காத நேரம் உப்பை அள்ளிப் போட்ட மாமியாருக்கு “சவத்து மூதி!” சட்டப்படி பார்த்தால் கையாடல்தான் குற்றம். உப்புக்கு எந்தக் கோர்ட்டிலும் தண்டனை கிடையாது.

பார்ப்பவர் ஓயாமல் நீதிபதி வேலை பார்க்கிறார் என்றார் ஊடக உளவியல் ஆய்வாளர் டால்ஃப் ஸில்மன். 1970களில் அவர் வளர்த்த கோட்பாடு இது: ஒருவன் செய்வது சரியென்று பட்டால் அவனைப் பிடிக்கும், பிடித்தவன் ஜெயிக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும், தப்பென்று பட்டால் அவன் கெட்டழிய வேண்டும் என்று காத்திருக்கும். நல்லவன் கெட்டவன் பிரிந்து கிடக்கும் கதைக்கு இது போதும். திருடனுக்காக ஏன் பதறுகிறோம் என்பதற்குப் போதாது. 2004ல் அதே துறை ஆய்வாளர் ஆர்தர் ரேனி வரிசையையே திருப்பிப் பார்த்தார். பல நேரம் ஆளை முதலில் பிடித்துவிடுகிறது. தீர்ப்பு பிறகுதான், அதுவும் அவனுக்குத் தோதாக.

நம்ம ஊர் வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு இது பழைய சரக்கு. சுடலைமாடன் கதையில் அவர் செய்யும் கொடுமை கொஞ்சமல்ல. ஆனால் பாட்டு அங்கே தொடங்காது. கைலாசத்தில் விளக்குச் சுடரில் பிள்ளை பிறக்கும், பசி அடங்காமல் சுடுகாட்டுப் பிணத்தைத் தின்னும், அதனாலேயே கைலாசத்தை விட்டு அனுப்பப்படும். பசித்த பிள்ளை கேட்பவர் மனசில் குடியேறிய பிறகுதான் அரிவாள் வரும். போதாததற்கு, புலவர் ஒவ்வொரு வரி சொன்னதும் பக்கப்பாட்டுக்காரர் “ஆமா” போடுவார். சீரியலில் இந்த ஆமா போடுவது நாயகனின் கூட்டாளியோ தங்கையோ. எல்லாம் தெரிந்தும் அவனை விட்டுப் போகாத ஒரு நல்ல ஜீவன் கூட இருந்தால், நமக்கும் போகத் தோன்றாது.

அடுத்து சாக்கு. மனிதர்கள் தங்கள் மனசாட்சியை அணைத்து வைக்கும் 8 வழிகளை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா வகுத்திருக்கிறார். கதை எழுதுபவருக்கு 3 போதும்: குடும்பத்துக்காகச் செய்தேன், பக்கத்தில் என்னைவிட மோசமானவன் இருக்கிறான், அடிபட்டவன் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரு வாத்தியார் போதைமருந்து காய்ச்ச இறங்கும் கதை, 2008ல் தொடங்கிய அமெரிக்க டிவி தொடர் ‘பிரேக்கிங் பேட்’. அது இதைத் துளித்துளியாகச் செய்தது. முதல் பகுதியிலேயே வால்டர் ஒயிட் 50 வயது வேதியியல் வாத்தியார், பள்ளி விட்டதும் கார் கழுவப் போய், தன் மாணவனின் கார் டயரையே குனிந்து துடைக்கிறார், நுரையீரலில் புற்றுநோய், மனைவி கர்ப்பிணி. மூன்றாவது பகுதியில், கட்டிப்போட்ட எதிரியை அவிழ்த்துவிட முடிவு செய்து சாவி எடுக்கப் போகிறார். சந்தேகம் வந்து, முன்பு உடைந்த தட்டின் துண்டுகளைக் குப்பையிலிருந்து எடுத்து ஒட்டிப் பார்க்கிறார். கத்தி போன்ற ஒரு துண்டு குறைகிறது, எதிரி அதைத் தன்னிடம் ஒளித்து வைத்திருக்கிறான். அதன் பிறகுதான் வால்டர் அவனைக் கொல்கிறார். அந்த ஒரு துண்டு தரும் சாக்கு இல்லாவிட்டால் அது வெறும் கொலை.

கெடுவது எங்கே? அடிபட்டவர் முகத்தை அண்மைக்காட்சியில் அழவிட்டால் சாக்கு செல்லாமல் போகும். குழந்தையைத் தொட்டால் அநேகமாகக் கதை கந்தல். யார் கண்வழியாகக் கதை நகர்கிறது என்பதும் உண்டு. வால்டர் கொலை செய்தார். ரசிகர்கள் பலர் வெறுத்தது அவரைக் கேள்வி கேட்ட மனைவி ஸ்கைலரை. அந்த வேடத்தில் நடித்த அன்னா கன் 2013ல் நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். கதை நாயகன் தோளில் உட்கார்ந்து போகும்போது வழிமறிப்பவர் எல்லாரும் வில்லிதான். இது கொஞ்சம் அநியாயம்.

மாமியாரின் உப்புக்கு வேறு காரணம் உண்டென்று நினைக்கிறோம். போதைமருந்துக் கூட்டத்தின் கொலை நமக்கு வெறும் கதை. அடுக்களை வஞ்சகம் அப்படியில்லை, யாராவது எப்போதாவது தின்ற உப்பு அது. அதே கையாடல் மருமகன் நாளைக்கு ஒரு ஏழைப் பெண்ணின் சீட்டுப் பணத்தில் கைவைக்கட்டும். அவள் வெறும் சுருக்குப்பையை உதறிப் பார்க்கும் காட்சி 5 நொடி வந்தால் போதும், முக்கூடலில் சுளகு மடியிலிருந்து கீழே இறங்கிவிடும்.