‘தங்கள்’ என்று எழுதியது மரியாதைக்கா?

போன வாரம் சமரச மையத்தில் ஓர் அண்ணனும் தம்பியும் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்கள். பவானிப் பக்கம் தோட்டம். பொதுக் கிணறு ஒன்று, நடுவில் வரப்பு, இரண்டு பக்கமும் மஞ்சள். மூன்று நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வது அப்பா காலத்து ஏற்பாடு. சண்டை எதில் தொடங்கியது என்று கேட்டேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். திரையில் இரண்டு வரி.

“தங்கள் முறை நேற்றுடன் முடிவடைந்தது. மோட்டாரை நிறுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

தம்பி எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். “இதில் என்னங்க தப்பு? ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறதா, நீங்களே படித்துப் பாருங்க. மரியாதையாகத்தானே எழுதியிருக்கிறது?”

சமரசத்தில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஆகவே ஊர், பயிர், உறவு மூன்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அந்த இரண்டு வரியை மட்டும் மாற்றவில்லை.

“ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லையே.” இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பாகப்பிரிவினையானாலும் விவாகரத்தானாலும் பனியன் கம்பெனிக் கூட்டாளிகள் பிரிவதானாலும், யாரோ ஒருவர் இதைச் சொல்லாமல் என் அறையைவிட்டுப் போவதில்லை. கோபம் என்றால் வசைச்சொல் இருக்க வேண்டும், வசை இல்லையென்றால் கோபம் இல்லை என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கூடப்பிறந்தவனுக்குத் ‘தங்கள்’ எதற்கு ஐயா? அது தாசில்தாருக்கு மனு எழுதும்போது போடுகிற சொல். ‘முடிவடைந்தது’ ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பில் வருவது. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்றால் கேட்பது யார்? எழுதியவர் தன்னையே வாக்கியத்திலிருந்து உருவி எடுத்துவிட்டார். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் ஓர் அலுவலகத்தையே கட்டி நிறுத்திவிட்டு, மரியாதையாகத்தானே எழுதினேன் என்றால் என்ன செய்வது?

அண்ணனிடம் பழைய செய்திகளைக் காட்டச் சொன்னேன். மேலே தள்ளிக்கொண்டே போனார். போன தையில்: “அண்ணா நம்ம மோட்டார் சத்தம் ஒரு மாதிரி வருது பாருங்க.” அதற்கு முந்தைய ஆடியில்: “அண்ணா விதைமஞ்சள் வந்திருச்சு.” எல்லாவற்றிலும் அண்ணா. ‘நம்ம’ மோட்டார். கடைசிச் செய்தியில் அண்ணாவும் இல்லை, நம்மவும் இல்லை. அவருக்கு வலித்தது அந்த இடத்தில்தான். ஆனால் வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. ‘தங்கள்’ என்று எழுதிவிட்டான் என்று புகார் கொடுக்க முடியுமா? அதனால் தண்ணீர் அளவு, மின்மீட்டர், வரப்பு ஓரத்துத் தென்னை என்று பதினெட்டுக் குற்றச்சாட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

நம் கொங்குப் பக்கத்தில் இது இன்னும் சிக்கல். நடை பழகும் குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு, சாப்பிடுங்க’ என்று கூப்பிடும் ஊர் இது. ‘ங்க’ விழுந்துவிட்டால் சண்டை என்று எல்லோருக்கும் தெரியும். மரியாதை கூடினால் என்ன பொருள் என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. ஒருவர் எழுத்தில் மரியாதை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில் பயனே இல்லை. அவர் உங்களுக்கு வழக்கமாக எழுதும் சொல் எது, இன்று அதை விட்டுவிட்டு எதை எடுத்தார் என்று பாருங்கள். ‘சாமி’ என்றே எழுதுகிற அம்மா ஒருநாள் மகனின் முழுப் பெயரைப் போட்டு ஆரம்பித்தால், அடுத்த வரியைப் படிக்கும் முன்பே அவன் எழுந்து நிற்க வேண்டும்.

வினைச்சொல்லில் இதைவிடத் துல்லியமாகத் தெரியும். வேறொரு வழக்கில், ஒரே தோட்டத்தைப் பற்றி ஒரே வீட்டுப் பிள்ளைகள் எழுதித் தந்தவை என்னிடம் இருக்கின்றன. “அண்ணன் பார்த்துக்கொண்டார்” என்று தங்கை எழுதியிருக்கிறார். “அண்ணன் வைத்துக்கொண்டிருக்கிறார்” என்று நடுத்தம்பி. “அண்ணன் வளைத்துப்போட்டார்” என்று கடைக்குட்டி. மூவரும் சொல்வது ஒரே செய்திதான்: 1998-லிருந்து நிலம் அண்ணன் கையில் இருக்கிறது. சமரசத்துக்கு முதலில் யாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம் என்பதை நான் இந்த மூன்று வினைகளை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

துணைவினைகளையும் சின்ன ஒட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். ‘கொடுத்தேன்’ என்றால் கொடுத்தார், அவ்வளவுதான். ‘கொடுத்துத் தொலைத்தேன்’ என்றால் கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை எரிந்துகொண்டிருக்கிறார். ‘பணம் கேட்டார்’ வேறு, ‘பணம் வேறு கேட்டார்’ வேறு. “நங்கையாளுக்கு முட்டி வலியாம், அதனால் சீருக்கு வர முடியவில்லையாம்” என்று ஒரு பெண் தன் அக்காவுக்கு அனுப்பிய செய்தி எப்படியோ அந்த நங்கையாளின், அதாவது அண்ணியின், கைக்கே போய்ச் சேர்ந்தது. அதில் முதல் ‘ஆம்’ கேள்விப்பட்டதைச் சொல்கிறது. இரண்டாவது ‘ஆம்’ நம்பவில்லை என்று சொல்கிறது. இரண்டு குடும்பமும் பேச்சை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது.

இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. உணர்ச்சியே இல்லாத எழுத்தில் உணர்ச்சியைத் தேடுவது. பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பவணந்தி முனிவர், நன்னூலில் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சுடுகாட்டை நன்காடு என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது போல, ஒரு தொழில்காரர் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சொல் குழூஉக்குறி. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்துவிட்டோம். வக்கீல் நோட்டீசும் ஒரு குழூஉக்குறிதான் என்று புரிந்துகொண்டால் பாதி ரத்தக் கொதிப்பு குறையும்.

செக் திரும்பிவிட்டால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் பணத்தைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அது கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள். இது 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு. நோட்டீசில் ‘15 தினங்களுக்குள் செலுத்தத் தவறும் பட்சத்தில்’ என்று பார்த்தவுடன், “பதினைந்து நாள் கெடு வைக்கிறானா எனக்கு?” என்று ஒரு நூல் வியாபாரி திருப்பூரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்கே போய்விட்டார். அந்தக் கெடுவை மச்சான் வைக்கவில்லை, சட்டம் வைத்தது. அந்த வரி இல்லாவிட்டால்தான் வக்கீல் சரியில்லை. பத்திரத்தில் ‘ஆண்டு அனுபவித்து’ என்று வருவதும் இப்படித்தான். பங்காளி சொத்தில் சுகமாக இருந்தார் என்று யாரும் குத்திக்காட்டவில்லை. அனுபவம் என்றால் எங்கள் பேச்சில் சுவாதீனம், அதாவது சொத்து ஒருவர் கைவசம் இருப்பது. அச்சு வார்த்தைக்கு மனநிலை கிடையாது. நோட்டீசில் கோபம் தேடுகிறவர்கள் இந்த வரிகளை எல்லாம் அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். இருந்தால் அங்கேதான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதவே தயங்கினேன். கூட்டாளி ஒருவர் தன் பங்காளரின் செய்தியை எனக்குக் காட்டினார். “இனி என்னால் யாருக்கும் தொந்தரவு இருக்காது. கணக்கு நோட்டு மேசை அறையில் இருக்கிறது. எல்லோரும் நன்றாக இருங்கள்.” காட்டியவர், “பார்த்தீர்களா, கடனைக் கட்டாமல் கம்பி நீட்டப் பார்க்கிறான்” என்றார். எனக்குக் கை நடுங்கியது. ‘இனி’, ‘என்னால்’, ‘நன்றாக இருங்கள்’: இவை கடன் ஏய்ப்பவர் எழுதும் சொற்கள் அல்ல, விடைபெறுகிறவரின் சொற்கள். அவர் மனைவிக்கு உடனே போன் போட்டோம். நல்லவேளை, தனியாக இருக்கவில்லை. அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். தயவுசெய்து, இப்படி ஒரு செய்தி வந்தால் பதில் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். நேரில் போங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரை அனுப்புங்கள். மனநல உதவிக்கு 14416, சுகாதார உதவிக்கு 104: இரண்டு எண்களிலும் எந்த நேரமும் பேசலாம்.

கிணற்றுக்கு வருகிறேன். தம்பியிடம், “இதை நீங்களா தட்டச்சு செய்தீர்கள்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளாம். அப்பா கோபத்தில் “மோட்டாரை நிறுத்தச் சொல்லி எழுதி அனுப்பு” என்று கத்தியிருக்கிறார். அவள் பள்ளியில் படித்த அலுவலகக் கடித மாதிரியில் அழகாக எழுதி அனுப்பிவிட்டாள். மதிப்பெண் போட்டால் முழுசும் கொடுக்கலாம். இப்போது கைபேசியே வாக்கியம் எழுதித் தருகிறது; அதுவும் எல்லோரையும் தாசில்தாராகத்தான் நினைத்துக்கொள்கிறது. ஆக, அண்ணன் படித்தது தம்பியின் சொல்லே இல்லை. அதற்காக அண்ணன் படித்தது முழுக்கத் தப்பும் இல்லை. அண்ணனுக்கு எழுதும் இரண்டு வரியைப் பிள்ளையிடம் தள்ளிவிட்டவர் தம்பிதானே. அதை நான் அங்கேயே சொன்னேன், அவருக்குப் பிடிக்கவில்லை.

எனவே எழுதுகிறவர்கள் கவனியுங்கள். உறவுக்காரருக்கு எழுதும்போது முறையை விடாதீர்கள். அண்ணா, மாமா, அம்மிணி என்று எதைச் சொல்லிக் கூப்பிடுவீர்களோ அதையே எழுதுங்கள். பணம், நிலம், தண்ணீர் மூன்றையும் பற்றிப் பிள்ளைகளை விட்டு எழுதவைக்காதீர்கள். கோபம் இருந்தால் கோபம் என்றே எழுதுங்கள், ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று முக்காடு போடாதீர்கள். படிக்கிறவர்கள் பதில் போடும் முன், இதை யார் எழுதியது என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அரை நிமிடம்தான் ஆகும்.

என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஒற்றைச் செய்தியை மட்டும் படம் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை அழித்துவிட்டு வராதீர்கள். நீதிமன்றத்துக்குப் போனாலும் அழித்ததில் பயன் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் தர வேண்டியிருக்கும். எனக்கு வேண்டியது வேறு. உங்கள் தம்பி ஆறு மாதத்துக்கு முன் உங்களுக்கு எப்படி எழுதினார் என்று நான் பார்க்க வேண்டும். விதைமஞ்சள் வந்த செய்தியையும் சேர்த்தே கொண்டு வாருங்கள்.