பனையேறியைத் தாங்கும் உராய்வு

நீட் தேர்வுக்குப் படிக்கும் தக்கலைப் பக்கத்து மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது. 2 கிலோகிராம் நிறையுள்ள மரக்கட்டையைச் சுவரோடு சேர்த்து 50 நியூட்டன் விசையால் கிடையாக அழுத்திப் பிடிக்கிறோம். உராய்வுக் குணகம் 0.5, கட்டையின் மீது செயல்படும் உராய்வு விசை எவ்வளவு? அவர் குணகத்தைச் செங்குத்து விசையால் (சுவர்ப்பரப்புக்குச் செங்குத்தாக அழுத்தும் 50 நியூட்டனால்) பெருக்கி 25 நியூட்டன் என்று எழுதியிருக்கிறார். விடைக்குறிப்பிலோ 20 நியூட்டன் என்று இருக்கிறது. சூத்திரம் தவறா, விடை தவறா என்பது அவருடைய சந்தேகம்.

இரண்டுமே சரிதான், சூத்திரத்தைப் பயன்படுத்திய இடம்தான் தவறு. குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கினால் கிடைப்பது ஓய்வுநிலை உராய்வு எட்டக்கூடிய உச்ச வரம்பு மட்டுமே. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால் கட்டையின் எடை 20 நியூட்டன். கட்டை அசையாமல் இருப்பதால், நியூட்டனின் முதல் விதிப்படி அதன் மீதான நிகர விசை சுழி. ஆகவே மேல்நோக்கிய உராய்வும் 20 நியூட்டன்தான். கையின் அழுத்தத்தை 100 நியூட்டனாக உயர்த்தினாலும் உராய்வு அதே 20 தான். அழுத்தம் 30 ஆகக் குறைந்தால் வரம்பு 15 ஆகிவிடும், கட்டை சறுக்கும். இயக்க உராய்வுக்கும், அதாவது சறுக்கும்போது உள்ள உராய்வுக்கும், அதே குணகம் என்று கொண்டால் முடுக்கம் 2.5. கணக்கு இவ்வளவுதான். ஆனால் தேர்வில் இந்த ஒரு தவறு, கிடைக்க வேண்டிய 4 மதிப்பெண்ணைப் பறிப்பதோடு கையிலிருப்பதில் 1 மதிப்பெண்ணையும் கழித்துவிடும்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கட்டை புதிதல்ல. காலில் தளைநார் என்ற நார் வளையத்தை மாட்டி, மரத்தைக் கைகளால் அணைத்து, பாதி வழியில் ஒரு நொடி நின்று மூச்சு வாங்கும் பனையேறியைப் பார்த்தவர்கள், சுவரில் அழுத்திய கட்டையைத்தான் பார்த்திருக்கிறார்கள். உடல் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் பாதம் மரத்தின் மீது நன்றாக அழுந்துகிறது. மரத்தின் மறுபக்கத்தில் கைகள் பிடித்திருப்பதால் அந்தக் கிடைவிசை சமன்படுகிறது. அவருடைய நிறை 60 கிலோகிராம் என்றால், கையிலும் காலிலும் சேர்த்து மரம் தரும் உராய்வு 600 நியூட்டன். பயந்துபோய் அவர் இறுக்கி அணைத்தாலும் அதற்கு மேல் ஒரு நியூட்டன்கூடக் கிடைக்காது. இறுக்குவதால் உயர்வது வரம்பு மட்டுமே. உடலை மேல்நோக்கி உந்தும்போது மட்டும், முடுக்கம் 1 என்றால், உராய்வு 660 நியூட்டனாகிறது.

இங்கே எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. உயிரற்ற மரத்துக்கு 600 தர வேண்டும், 601 கூடாது என்று எப்படித் தெரிகிறது?

வழுவழுப்பாகத் தோன்றும் பரப்புகள்கூட நுண்ணிய அளவில் மேடு பள்ளங்களால் ஆனவை; இரண்டு பரப்புகள் சேரும்போது மேட்டு நுனிகள் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. அழுத்தம் கூடும்போது நுனிகள் நசுங்கி, புதிய நுனிகளும் தொட்டு, உண்மையான தொடுபரப்பு பெருகுகிறது. வரம்பு உயர்வதற்குக் காரணம் அதுதான். பக்கவாட்டு விசை வந்ததும், ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நுனிகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைகின்றன. ஈர்க்கு வாரியலைத் தரையில் ஊன்றிப் பிடியை மெல்லத் தள்ளிப் பாருங்கள்: முனை நகர்வதற்கு முன்னால் ஈர்க்குகள் வளைந்து, வளைந்த அளவுக்கு எதிர்த்துத் தள்ளும். சுருள்வில்லைப் போல, சுமைக்குச் சமமாகும் வரை வளைந்து அங்கேயே நின்றுவிடும். மரத்துக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. வளைவே அளவுகோல், சுமை வரம்பைத் தாண்டினால் பிடிப்புகள் விட்டுப்போகும், சறுக்கல் தொடங்கும்.

நியூட்டன் 1687-ல் வெளியிட்ட விதிகளில் இந்த வரம்பைப் பற்றிய பேச்சே இல்லை. அது பிரெஞ்சு அறிவியலாளர் அமோந்தோன் 1699-ல் சோதனைகள் வழியே சொன்ன தோராய விதி. பாதத் தோல் போன்ற மென்மையான பொருள்களுக்கு அது அத்தனை துல்லியமாகவும் பொருந்தாது. ஆகவே கணக்கில் விசைப்படத்தை முதலில் வரைந்து, தேவையான உராய்வை நியூட்டனிடம் கேட்டுவிட்டு, அது வரம்புக்குள் அடங்குகிறதா என்று பிறகு பார்ப்பதே முறை.

பனையிலிருந்து யாராவது விழுந்தால் யட்சி தள்ளிவிட்டாள் என்று என் சிறுவயதில் பெரியவர்கள் சொல்வார்கள். மழையில் நனைந்து பாசி படிந்த தடியில் குணகம் குறைகிறது. ஒருமுறை சறுக்கிவிட்டால், பெரும்பாலும் அதைவிடச் சிறிய இயக்கக் குணகமே மிஞ்சுவதால் பிடிப்பு மீள்வது கடினம். யட்சிக்கு இதில் வேலை இல்லை. தோல் துண்டு ஒட்டிய கட்டையைப் பனம்பலகையில் வைத்து, பலகையைச் சாய்த்து, கட்டை வழுக்கத் தொடங்கும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பைக் கண்டால் குணகம் கிடைத்துவிடும். நனைந்த பலகையிலும் காய்ந்த பலகையிலும் இதை அளக்க ஆகும் செலவு சொற்பம். கல்லூரித் திட்டப்பணிகளுக்கு ஆயத்தக் கருவிகளை விலைக்கு வாங்கி அடுக்குவதைவிட இப்படிப்பட்ட அளவீடுகளுக்கு நிதி தருவது மேல் என்பது என் கருத்து.

இந்தக் கணக்கில் மாணவர்கள் சிக்கிக்கொள்ளும் இன்னொரு பொறியும் உண்டு. எடையும் உராய்வும் சமமாகவும் எதிராகவும் இருப்பதால் அவை நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் விசை, எதிர்விசை இணை என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே உடலின் மீது செயல்படுவதால் அவை இணையாக முடியாது. பனையேறியின் எடைக்கு இணை, அவர் பூமியை மேல்நோக்கி ஈர்க்கும் விசை. உராய்வுக்கு இணை, அவர் மரத்தின் மீது கீழ்நோக்கிச் செலுத்தும் உராய்வு. இடுப்பில் 5 கிலோகிராம் அக்கானியோடு (பதநீரோடு) இறங்கும் வழியில் அவர் மறுபடி நின்றால், வரம்பு இடம்கொடுக்கும் வரை, அவர் துளியும் கூடுதலாக அழுத்தாமலேயே அந்த இணையின் இரு விசைகளும் 650 நியூட்டனாகியிருக்கும்.