எட்டிக்கொட்டை காட்டிக்கொடுத்த நரம்பு வழி

கடலூரிலிருந்து கெடிலக் கரையோரமாக மேற்கே போனால் திருமாணிக்குழி வரும். அந்தப் பக்கத்துக் கோயில் காடுகளைப் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரம் மரமாக அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடுகள் இவை. இன்று மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி ஐயனார் கோயில்களைச் சுற்றித்தான் இருக்கிறது. சாமி காடு என்பதால் யாரும் வெட்டவில்லை. இந்தக் கரைக் காடுகளுக்கு நன்றாகப் பழக்கப்பட்ட மரம் எட்டி.

பழுத்த எட்டியைப் பார்த்தால் சின்ன ஆரஞ்சுப் பழம் என்றே தோன்றும். ஓடு மட்டும் கெட்டி. உடைத்தால் வெள்ளையாகக் கொழகொழவென்று சதை, அதற்குள் வட்டவட்டமாகத் தட்டை விதைகள். ஒரு விதையைக் கழுவிக் காயவைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகமான அகலம், சாம்பல் நிறம், பட்டுபோல ஒரு மினுமினுப்பு. அந்த மினுமினுப்புக்குக் காரணம் மேலே நெருக்கமாகப் படிந்திருக்கும் மெல்லிய ரோமங்கள். எல்லாம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படிந்திருக்கும். நடுவில் சிறிய மேடு ஒன்று உண்டு. உள்ளே கொம்பு மாதிரி கடினமாக இருக்கும். கத்திக்குச் சுலபத்தில் இடம் கொடுக்காது. பார்த்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்று ஒதுக்கிவைத்த மரம்தான். ஆனால் மனித உடம்பில் நரம்புகள் எப்படி ஓடுகின்றன, தசையை எது இயக்குகிறது, எது அடக்குகிறது என்பதையெல்லாம் கண்டுபிடிக்க இந்த விதை உதவிய அளவுக்கு வேறெந்த விதையும் உதவியிருக்குமா என்பது சந்தேகம்.

முதலில் வேதியியல். நூறு கிராம் விதையில் ஏறத்தாழ இரண்டரை கிராம் ஆல்கலாய்டுகள், அதாவது நைட்ரஜன் கொண்ட தாவர வேதிப்பொருள்கள், இருக்கும். அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட ஸ்டிரிக்னின், மீதியில் பெரும்பங்கு புரூசின். இரண்டும் ஒரே எலும்புக்கூடு கொண்ட மூலக்கூறுகள். புரூசினில் இரண்டு மீத்தாக்சி தொகுதிகள் கூடுதலாக ஒட்டியிருக்கின்றன, அவ்வளவே. அந்தச் சின்ன மாற்றத்திலேயே நஞ்சின் வீரியம் பெரிதும் குறைந்துவிடுகிறது. நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் புரூசின் இரத்தச் சிவப்பாக மாறும். ஸ்டிரிக்னின் அப்படி மாறாது.

ஸ்டிரிக்னினைத் தனியாகப் பிரித்தெடுத்தவர்கள் பாரிஸ் நகரத்து வேதியியலாளர்கள் பெல்லெத்தியேவும் காவந்துவும். ஆண்டு 1818. அவர்கள் தொடங்கியது எட்டிக்கு உறவான ஒரு கொடியின் விதையான இக்னேஷியஸ் கொட்டையில். பிறகு எட்டியிலும் அதையே கண்டார்கள். இரண்டே ஆண்டில் சின்கோனா பட்டையிலிருந்து குயினினைப் பிரித்ததும் இதே இருவர்தான்.

இப்போது நரம்புக்கு வருவோம். அதே பாரிஸில் பிரான்சுவா மஜான்தி என்ற உடலியல் அறிஞர் 1809-லேயே ஜாவாவின் அம்பு நஞ்சை ஆராய்ந்திருந்தார். அதுவும் எட்டிக் குடும்பத்துச் சரக்குதான். விலங்கின் கழுத்தில் தண்டுவடத்தைத் துண்டித்து, மூளையோடு தொடர்பை அறுத்த பிறகும் வலிப்பு நிற்கவில்லை. தண்டுவடத்தையே சிதைத்தபோது நின்றது. நஞ்சு வேலை செய்யும் இடம் தண்டுவடம் என்பது அப்போதே தெளிவாயிற்று.

தண்டுவடத்திலிருந்து ஒவ்வொரு நரம்பும் இரண்டு வேர்களாகக் கிளம்புகிறது, ஒன்று முன்னால், ஒன்று பின்னால். உடற்கூறு வகுப்பில் முள்ளெலும்புகளின் பின்பக்க எலும்பு வளைவுகளை நீக்கி, தண்டுவட உறையைக் கீறிப் பார்க்கும் மாணவருக்கு இரண்டும் வெள்ளை இழைகளாகத்தான் தெரியும். அடையாளம் சொல்வது பின்வேரில் இருக்கும் ஒரு சிறு புடைப்பு. உணர்வு நரம்பணுக்களின் உடல்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. முன்வேரில் அந்தப் புடைப்பு கிடையாது. சரி, இரண்டுக்கும் வேலை வேறா?

மஜான்தி 1822-இல் ஆறு வார நாய்க்குட்டிகளில் இதைச் சோதித்தார். பின்வேரை வெட்டினால் காலில் உணர்வு போயிற்று, அசைவு இருந்தது. முன்வேரை வெட்டினால் கால் துவண்டது, உணர்வு இருந்தது. மயக்க மருந்து இல்லாத காலம். அந்தச் சோதனைகளின் கொடுமையைச் சொல்லாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை. இங்கிலாந்தின் சார்லஸ் பெல் இதற்கு உரிமை கோரினார், சண்டை நெடுநாள் நடந்தது. இன்றைய பாடநூல்கள் இருவர் பெயரையும் சேர்த்தே விதிக்கு வைத்திருக்கின்றன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்து வரும் சோதனை. வெட்டியதில் தற்செயலாக ஏதும் நடந்திருக்குமோ என்ற ஐயம் வரலாம் அல்லவா? மஜான்தி எட்டிக்கொட்டையை எடுத்தார். பின்வேர்களை வெட்டிய விலங்குக்குக் கொடுத்தபோது உடம்பு முழுக்க இறுகியது, உணர்விழந்த கால் உட்பட. ஒரு பின்னங்காலின் முன்வேர்களை வெட்டிய விலங்குக்குக் கொடுத்தபோது எல்லாத் தசைகளும் விறைத்துத் துடிக்க, அந்த ஒரு கால் மட்டும் தளர்ந்து சும்மா கிடந்தது. தண்டுவடத்திலிருந்து தசைக்குக் கட்டளை போகும் வழி முன்வேர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

நஞ்சு தண்டுவடத்தில் அப்படி என்னதான் செய்கிறது? முழங்கையை மடக்குங்கள். மேற்கையின் முன்பக்கத் தசை சுருங்குகிறது. அதே நொடியில் பின்பக்கத் தசை தளர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கை மடங்காது. ஆக, ஒரு தசைக்கு ‘சுருங்கு’ என்று செய்தி போகும்போதே, எதிர்த்தசையின் நரம்பணுவுக்கு ‘சும்மா இரு’ என்றும் செய்தி போகிறது. அந்த இரண்டாவது செய்தியைக் கொண்டுபோகத் தண்டுவடத்துக்குள் தனி நரம்பணுக்கள் உண்டு. பேர்ட்ஸி ரென்ஷா என்ற அமெரிக்கர் 1941-இல் இன்னொரு சுற்றையும் காட்டினார். இயக்க நரம்பணு தசைக்குச் செய்தி அனுப்பும்போது அதன் கிளை ஒன்று உள்ளேயே திரும்பி வந்து, ஓர் அடக்கும் அணுவைத் தூண்டுகிறது. அந்த அணு வந்த வழியே திரும்பி இயக்க அணுவை அமைதிப்படுத்துகிறது. இன்று அது ரென்ஷா அணு. இயக்க நரம்பணுக்களைத் தின்னும் போலியோவுக்கே ரென்ஷா 1948-இல் பலியானார்.

அடக்கும் அணுக்கள் பயன்படுத்தும் முக்கியமான பொருள் கிளைசின், அமினோ அமிலங்களிலேயே மிக எளியது. இயக்க அணுவின் மேற்பரப்பில் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று ஒரு துளையைச் சூழ்ந்திருக்கும். அதுதான் கிளைசின் ஏற்பி. கிளைசின் வந்து ஒட்டினால் துளை திறக்கும், குளோரைடு அயனிகள் உள்ளே போகும், அணு அடங்கும். ஸ்டிரிக்னின் வந்து கிளைசினின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. துளை திறப்பதில்லை.

ஸ்டிரிக்னின் எந்தத் தசையையும் நேரடியாகத் தூண்டுவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அடக்கத்தை மட்டும் நீக்குகிறது. அதனால்தான் நஞ்சுண்டவருக்குக் கதவு அறைபட்ட சத்தமோ கைபட்ட தொடுதலோ போதும், எல்லாத் தசைகளும் ஒருசேர இறுகுகின்றன. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில். முதுகுத் தசைகள் வலுவானவை என்பதால் உடல் பின்னோக்கி வளைகிறது. மூச்சுத் தசைகளும் இறுகும்போதுதான் உயிருக்கு ஆபத்து. கிளைசினின் ஆட்சி பெரும்பாலும் தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும்தான். பெருமூளையில் அந்த வேலையைச் செய்வது காபா என்ற வேறு பொருள். ஆகவே இவ்வளவும் நடக்கும்போது நோயாளிக்கு நினைவு தெளிவாகவே இருக்கும். இதைவிடக் கொடிய வேதனை இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

சிகிச்சையும் இதிலிருந்தே பிறக்கிறது. நோயாளியை இருட்டான, சத்தமில்லாத அறையில் வைப்பார்கள். டயசெபாம் கொடுப்பார்கள், அது காபாவின் கையை வலுப்படுத்தி, கிளைசின் விட்ட இடத்தை ஓரளவு நிரப்புகிறது. தேவைப்பட்டால் தசைகளைத் தளர்த்தி மூச்சுக்கருவியில் வைப்பார்கள். வீட்டில் வாந்தி எடுக்கவைக்க முயல்வது, அந்தத் தூண்டுதலாலேயே வலிப்பை வரவழைக்கலாம். நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ரண ஜன்னியும் (டெட்டனஸ்) இதே இடத்தைத்தான் தாக்குகிறது. அந்தக் கிருமியின் நஞ்சு கிளைசின் வெளிவருவதைத் தடுக்கிறது, எட்டி நஞ்சு வந்த கிளைசினை ஒட்டவிடாமல் தடுக்கிறது.

மருந்தில் எட்டிக்கொட்டை சேர்க்கும் வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். ஊறவைத்து, பாலில் வேகவைத்து, தோலையும் முளையையும் நீக்கி, நெய்யில் வறுப்பது ஒரு முறை. ஆல்கலாய்டின் ஒரு பகுதி பாலோடு போய்விடுகிறது. சூடு, மிஞ்சியதில் கொஞ்சத்தை வேறு உருவத்துக்கு மாற்றுகிறது. அப்படியும் நஞ்சு முழுதாகப் போவதில்லை. மருந்துக்கும் சாவுக்கும் நடுவே இருப்பது சில பத்து மில்லிகிராம்கள்தான் என்பதால், கைவைத்தியமாக இதைச் செய்துபார்க்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கிளைசின் ஏற்பியை முதன்முதலில் தனியே பிரித்தெடுத்தது 1982-இல், ஜெர்மனியில் ஹைன்ரிஷ் பெட்ஸின் குழு. எப்படி? ஸ்டிரிக்னின் மூலக்கூறைச் சற்று மாற்றி, நுண்ணிய மணிகளில் கட்டினார்கள். தண்டுவடத்திலிருந்து எடுத்த புரதக் கலவையை அந்த மணிகளின் வழியே ஓடவிட்டார்கள். ஆயிரமாயிரம் புரதங்கள் கடந்துபோக, இந்த ஒன்று மட்டும் தூண்டிலில் மீன் மாட்டுவதுபோல மாட்டிக்கொண்டது. பிறகு 1993-இல் அந்த ஏற்பியின் மரபணுப் பிழைதான் ஒரு பரம்பரைத் திடுக்கிடல் நோய்க்குக் காரணம் என்று தெரிந்தது. பிறந்த குழந்தை விறைப்பாக இருக்கும், மூக்கின் மேல் லேசாகத் தட்டினாலே தூக்கிவாரிப் போடும். டயசெபாமின் உறவான குளோனசெபாம் அந்தக் குழந்தைகளுக்கு உதவுகிறது.

எட்டி மரம் இந்த நஞ்சை எப்படிச் சமைக்கிறது என்பது 2022-இல்தான் முழுதாக வெளிவந்தது. ஜெர்மனியின் ஜேனா நகரில் சாரா ஓகானரின் குழு எட்டியின் மரபணுக்களைப் பிடித்து, புகையிலை இனச் செடி ஒன்றுக்குள் வைத்து, அங்கே ஸ்டிரிக்னினையும் புரூசினையும் உண்டாக்கிக் காட்டியது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கும் நீண்ட வழி அது. படிக்குப் படி ஒரு நொதி வேண்டும். கடைசிப் படிக்கு மட்டும் நொதி எதுவும் தேவையில்லை, முந்தைய மூலக்கூறு தானாகவே வளைந்து மூடி ஸ்டிரிக்னினாகிவிடுகிறது.