தீட்டுக்கல்லில் ஒரு ஹெலிபேட்: சிமுலேட்டருக்குள் மலை உட்காரும் விதம்

நீலகிரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. முக்கியப் பிரமுகர்கள் வந்தால் ஊட்டி தீட்டுக்கல் ஹெலிபேடில் ஹெலிகாப்டர் இறங்கும். மற்றவர்களுக்குக் கோயம்புத்தூர் பீளமேடுதான் வழி. வீட்டுக் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர், அதாவது விமானம் ஓட்டும் அனுபவத்தைத் திரையில் தரும் மென்பொருள், ஓட்டுபவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பீளமேட்டில் 23 என்று எண்ணிட்ட, தென்மேற்கு நோக்கிய ஓடுபாதையில் கிளம்பி, வலப்பக்கம் திரும்பி, வடமேற்கே 56 கிலோமீட்டர் பறந்தால் ஊட்டி. போய்ச் சேர்ந்தபின் இறங்கத்தான் இடம் இருக்காது. சிமுலேட்டரோடு வரும் ஊட்டியில் பெரும்பாலும் யாரோ எங்கோ கட்டிய பொதுவான வீடுகளும் பொதுவான மரங்களும்தான் நிற்கும். அந்தக் குறையைத் தீர்க்க ஆர்வலர்கள் செய்து சேர்ப்பதைத்தான் ஆட்-ஆன் சீனரி என்கிறோம்.

சமவெளி விமான நிலையம் செய்பவருக்குப் பெரிய வேலை கட்டடங்கள். மலையில் பெரிய வேலை தரை. தரை சரியாக அமையாவிட்டால் அதன்மேல் எவ்வளவு அழகான முனையக் கட்டடம் வைத்தாலும் அது அந்தரத்தில் தொங்கும், இல்லையென்றால் பாதி புதைந்து கிடக்கும்.

எக்ஸ்-பிளேன் சிமுலேட்டர் உலகத்தை 1 பாகை அகலம், 1 பாகை உயரம் கொண்ட சதுரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. தென்மேற்கு மூலையின் அட்சரேகை, தீர்க்கரேகைதான் சதுரத்தின் பெயர். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம் எல்லாம் +11+076 சதுரத்தில் அடங்கும். பீளமேடு விமான நிலையமோ 77 பாகைக் கோட்டுக்குச் சற்றே கிழக்கே இருப்பதால் +11+077-க்குப் போய்விடுகிறது. கொடைக்கானல் +10+077. ஆகவே கோவையிலிருந்து ஊட்டிக்குப் பறப்பவர் இரண்டு சதுரங்களுக்கும் தரை தயாரிக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் பறக்கும் வழியில் ஒரு கோடு கிழித்ததுபோல நிறமும் உயரமும் மாறும்.

ஒவ்வொரு சதுரத்துக்கும் அடியில் உயரத் தரவு இருக்கிறது. அதன் மூலம் பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ரேடாரால் எடுத்த அளவீடு. விண்ணோடத்தில் ஓர் ஆண்டெனா, 60 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் இன்னொன்று. இரண்டுக்கும் திரும்பி வரும் அலைகளின் வேறுபாட்டிலிருந்து தரையின் உயரம் கணக்கிடப்பட்டது. முழு நுணுக்கத்தில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு சதுரத்துக்கு 3601 பெருக்கல் 3601, அதாவது ஏறத்தாழ 1.3 கோடி புள்ளிகள். 90 மீட்டர் பதிப்பில் 14 லட்சம்தான். இந்தப் புள்ளிகளை இணைத்து முக்கோணங்களால் ஆன வலை பின்னப்படுகிறது. மெஷ் என்பது அதுதான். நினைவகத்தை மிச்சப்படுத்த, சமதளத்தில் பெரிய முக்கோணங்களும் சரிவில் சிறியவையும் வரும்படி பின்னுவார்கள்.

இங்கே மூன்று கோளாறுகள் தவறாமல் வரும். முதலாவது மரம். அந்த ரேடார் அலை அடர்ந்த காட்டுக்குள் முழுதாக இறங்காது. சோலைக்காடும் தைலமரத் தோப்பும் உள்ள இடங்களில் அது காட்டும் ‘தரை’ பல மீட்டர் மேலே, மர உச்சியை நோக்கி ஏறியிருக்கும். அதன்மேல் சிமுலேட்டர் தன் பங்குக்கு இன்னொரு மரத்தை நடும். தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் இல்லாத ஒரு திட்டு முளைப்பது இதனால்தான். இரண்டாவது, செங்குத்துச் சரிவில் ஒரு பக்கம் ரேடாருக்கு மறைந்துபோய்த் தரவில் ஓட்டை விழுவது. பின்னால் வேறு தரவு கொண்டு ஒட்டுப்போட்டிருப்பார்கள். ஒட்டின் ஓரம் சில இடங்களில் படிக்கட்டுபோலத் தெரியும். மூன்றாவது, கூரான உச்சிகள் மழுங்குவது. 90 மீட்டர் இடைவெளியில் 2,637 மீட்டர் தொட்டபெட்டா தன் முழு உயரத்தைக் காட்டாது.

சதுரம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நீலகிரியிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. ஊட்டிக்கு அருகே முத்தொரையில் 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் நிறுவிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11.4 பாகை. அதே அளவு சாய்வுள்ள மலைச்சரிவாகத் தேடிப்பிடித்து வடக்கு தெற்காக வைத்ததால், தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பினாலே விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். நமக்கு இதில் என்ன லாபம் என்றால், 530 மீட்டரை 11.4 பாகையின் சைன் மதிப்பால் பெருக்கினால் 105 வருகிறது. உங்கள் மெஷ்ஷில் அந்தச் சரிவின் வட முனை தென் முனையைவிட நூறு மீட்டர் வாக்கில் உயர்ந்திருக்க வேண்டும். 30 மீட்டர் தரவில் இந்த நீளத்துக்குப் பதினேழு, பதினெட்டுப் புள்ளிகள் கிடைப்பதால் சாய்வு ஒழுங்காக வந்துவிடும். வராவிட்டால் ஹெலிபேட் வேலையைத் தொடங்குவதில் பொருளில்லை.

ஒரு கிளைச்செய்தி: இந்த வலையில் ஓர் இடத்துக்கு ஓர் உயரம்தான் இருக்க முடியும். அதனால் குகைக்கு வழியில்லை. மேட்டுப்பாளையம் ஊட்டி மலை ரயில் பாதையின் 16 குகைகளையும் சிமுலேட்டரில் தேடாதீர்கள். தண்டவாளம் மலைமேல் ஏறி இறங்கிப் போகும்.

இனி ஹெலிபேடைச் சரிவில் உட்கார வைப்பது. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில் 30 மீட்டர் சதுரத் தளம் வைத்தால் இரு ஓரங்களுக்கும் 3 மீட்டர் வித்தியாசம். மலையில் வீடு கட்டுகிற எந்த மேஸ்திரியும் செய்வதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும்: மேல்பக்கம் ஒன்றரை மீட்டர் வெட்டு, கீழ்ப்பக்கம் ஒன்றரை மீட்டர் நிரப்பு. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இல் இதற்கென்று நிலத்தைத் திருத்தும் பலகோணக் கருவி உண்டு. பலகோணத்தின் உயரத்தைத் தளத்தின் நடுப்புள்ளிக்குச் சமமாக வைத்து, ஓரத்தில் சரிவு படிப்படியாகக் கலக்க இடம் விடவேண்டும். அந்த இடத்தைச் சுழியமாக விட்டால் சுற்றிலும் வெட்டுக்கத்தியால் அறுத்த கேக்போலச் சுவர் எழும். கணக்குப்படி ஒன்றரை மீட்டர் உயர வித்தியாசத்துக்கு 3 மீட்டர் அகலம் போதும் என்றாலும், தரைவலையின் இடைவெளியைவிடக் குறுகலாக வைத்தால் ஓரம் பல்பல்லாகத் தெரியும். பத்து மீட்டர் விடுவது நல்லது.

எக்ஸ்-பிளேனில் கதை வேறு. அங்கே விமான நிலைய ஆட்-ஆன் கோப்பு மெஷ்ஷைத் தொட முடியாது. இலவசமாகக் கிடைக்கும் வேர்ல்டு எடிட்டர் மென்பொருளில் ‘எப்போதும் சமப்படுத்து’ என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் விமான நிலைய எல்லைக்கோட்டுக்குள் இருக்கும் நிலம் முழுவதும் ஒரே மட்டமாகிவிடும். பலரும் எல்லைக்கோட்டைத் தாராளமாக வரைந்துவிட்டு, பக்கத்து மலை பாதி காணாமல் போனதைப் பார்த்துத் திகைப்பார்கள். கோட்டைத் தளத்தை ஒட்டி இறுக்கமாக வரையவேண்டும். அதைவிட நல்ல வழி, சமப்படுத்தாமலே விட்டு, முட்டுச்சுவரோடு ஒரு மேடையை முப்பரிமாணப் பொருளாகச் செய்து வைப்பது. அதன் மேற்பரப்புக்குக் ‘கடினம்’ என்ற பண்பைக் கொடுக்க மறந்தால் ஹெலிகாப்டர் கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் நிற்கும். மலைப் பகுதிக்கு இந்த இரண்டாவது முறையையே பரிந்துரைப்போம். பார்க்கவும் மலைக்கட்டடம்போல இருக்கும்.

வீடுகளுக்கும் இதே விதி. கட்டடத்தை அதன் நடுப்புள்ளியின் உயரத்தில் வைப்பதுதான் சிமுலேட்டரின் வழக்கம். 20 மீட்டர் நீள வீடு 15 பாகைச் சரிவில் நின்றால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 5.4 மீட்டர் இறக்கம். மாடலின் சுவர்களைத் தரைமட்டத்துக்குக் கீழேயும் ஆறு மீட்டர் நீட்டி வரைந்துவிட்டால் கீழ்ப்பக்கம் ஓட்டை தெரியாது. அஸ்திவாரத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்று விட்டுவிடுபவர்களின் வீடுகள்தான் கேத்திப் பள்ளத்தாக்கின் காரட் வயல்களுக்கு மேலே மிதக்கின்றன.

தரைக்கு மேல் விரிக்கும் செயற்கைக்கோள் படத்துக்கு வருவோம். ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற கருவி படங்களை இறக்கி, ஒவ்வொன்றும் 4096 பிக்சல் சதுரமான துண்டுகளாக வெட்டி மெஷ்மேல் ஒட்டும். 17-ஆம் பெரிதாக்க நிலையில் (எண் கூடக்கூடப் படம் நுணுக்கமாகும்), நம் அட்சரேகையில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 1.17 மீட்டர், ஒரு துண்டு 4.8 கிலோமீட்டர். ஒரு சதுரத்துக்கு ஐநூற்றுச் சொச்சம் துண்டுகள், அழுத்தியபின் தலா 11 எம்.பி. என்றால் 6 ஜி.பி. வரும். 18-க்குப் போனால் நான்கு மடங்கு, 24 ஜி.பி. சதுரம் முழுவதையும் 16-லோ 17-லோ வைத்துக்கொண்டு ஊட்டி நகரத்தை மட்டும் 18-இல் எடுப்பதே கட்டுப்படியாகும்.

படத்தில் மேகமும் நிழலும் பதிந்தே வரும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் போக, தெளிந்த படம் ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்தவற்றில்தான் அதிகம் கிடைக்கும். அப்போது புல்வெளி காய்ந்து பழுப்பாக இருக்கும் என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இத்தகைய செயற்கைக்கோள்கள் பல முற்பகல் பத்தரை வாக்கில் தலைக்குமேல் கடப்பவை. ஆகவே நிழல் மேற்குப் பக்கம் விழுந்திருக்கும். சிமுலேட்டரில் மாலை ஐந்து மணிக்குப் பறந்தால் ஒரே மரத்துக்குக் கிழக்கே ஒரு நிழல், மேற்கே ஒரு நிழல்.

மலையில் படம் இடம் பெயர்ந்தும் இருக்கும். செயற்கைக்கோள் நேர் கீழே பார்க்காமல் சாய்வாகப் பார்த்து எடுத்ததை, உயரத் தரவை வைத்து நிமிர்த்துகிறார்கள். அந்த உயரத்தில் 20 மீட்டர் பிழையும் பார்வையில் 25 பாகைச் சாய்வும் இருந்தால் படம் 9 மீட்டர் விலகும். படத்தில் தெரியும் வட்டத்தின்மேல் ஹெலிபேடை வைத்தால் சாலை ஓரம் இடிக்கிறதே என்று குழம்பவேண்டாம். பொருள்கள் அத்தனையையும் ஒரே படத்துக்கு ஒத்துவைத்து, இரண்டாவது படத்தைப் பார்க்காமலிருப்பதே நிம்மதி.

தளத்தின் குறியீடுகளைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவுகளில் வரையலாம். எச் எழுத்து வெள்ளையில் 3 மீட்டர் உயரம், 1.8 மீட்டர் அகலம், கோட்டுத் தடிமன் 40 செ.மீ. எழுத்தின் குறுக்குக்கோடு, ஹெலிகாப்டர் விரும்பி வரும் திசைக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும். இதைக் கவனிக்காமல் எல்லா எச்-ஐயும் வடக்கு பார்க்க வைப்பது ஆட்-ஆன்களில் சகஜமான தவறு. எக்ஸ்-பிளேன் கோப்பில் ஒவ்வொரு வரியும் ஒரு குறியெண்ணோடு தொடங்கும்: ஹெலிபோர்ட்டுக்கு (ஹெலிகாப்டர் நிலையத்துக்கு) 17, தளத்துக்கு 102. சாதாரண விமான நிலையத்துக்குரிய 1 என்று போட்டால் சிமுலேட்டர் ஓடுபாதையைத் தேடும்.

பீளமேட்டைச் செய்பவருக்கு வேறொரு சங்கடம். எக்ஸ்-பிளேனோடு வரும் வீடுகளையும் மரங்களையும் அகற்ற விலக்குப் பெட்டி வைக்கவேண்டும். அந்தப் பெட்டி எப்போதும் வடக்கு தெற்காக நேராகத்தான் நிற்கும், சாய்க்க முடியாது. கோவையின் ஓடுபாதை 05/23, சுமார் 2,990 மீட்டர், தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் குறுக்கே கிடக்கிறது. ஒரே பெட்டியில் அடக்கினால் 2.3 பெருக்கல் 1.9 கிலோமீட்டர், 45 மீட்டர் அகலப் பாதைக்காக 4.4 சதுர கிலோமீட்டர் ஊரைத் துடைத்தாயிற்று. பாதை நெடுகப் பத்துச் சிறு பெட்டிகளாக அடுக்கினால் அதில் பத்தில் ஒரு பங்குதான் போகும். பெட்டிகளின் மூலைகள் ஒன்றையொன்று சற்றே தழுவட்டும், இல்லையென்றால் சந்தில் ஒரு தென்னை முளைத்து ஓடுபாதை நடுவே நிற்கும்.

எல்லாம் செய்தும் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பகுதி வரிசைக் குழப்பம். எக்ஸ்-பிளேன் ஒரு பட்டியல் கோப்பை மேலிருந்து கீழாகப் படிக்கும்; மேலே இருப்பதற்கே முன்னுரிமை. மேலே விமான நிலையம், அடுத்து சாலை, மரம் போன்ற மேலடுக்குகள், அதற்கும் கீழே ஆர்த்தோ (செயற்கைக்கோள் படம் ஒட்டிய தரை), கடைசியில் மெஷ். புதிதாகப் போட்ட தொகுப்பைச் சிமுலேட்டர் தானாகப் பட்டியலின் உச்சியில் சேர்க்கும். அது மெஷ்ஷோ ஆர்த்தோவோ ஆனால், அந்தச் சதுரத்தில் அதற்குக் கீழே உள்ள எதுவும் ஏற்றப்படாது. நேற்றுவரை இருந்த ஹெலிபேட் இன்று மறைவது இப்படித்தான். கோப்பைத் திறந்து வரியைக் கீழே நகர்த்தினால் தீர்ந்தது. மைக்ரோசாஃப்ட் 2020-இல் கம்யூனிட்டி கோப்புறைக்குள் தொகுப்பை நேரடியாகப் போடவேண்டும்; சுருக்கிய கோப்பைப் பிரிக்கும்போது கோப்புறைக்குள் கோப்புறையாக விழுந்தால் கண்டுகொள்ளாது. தொகுப்போடு வரும் லேஅவுட் பட்டியலில் பெயர் இல்லாத கோப்பும் அப்படியே. கையால் ஒரு படத்தைச் சேர்த்துவிட்டுப் பட்டியலைப் புதுப்பிக்காதவர் அந்தப் படத்தைத் திரையில் பார்க்கமாட்டார்.

சோதனைப் பறப்பில் கடைசியாக ஒன்று. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முழு எரிபொருளோடு சிறிய ஹெலிகாப்டரைத் தீட்டுக்கல்லில் தூக்கினால் சுழல்விசிறி திணறி, தளத்தின் ஓரத்தைத் தாண்டியதும் தாழத் தொடங்கும். தளத்துக்கு மேலே இருக்கும்வரை தரை விளைவு, அதாவது தரைக்கு அருகே பறக்கும்போது கிடைக்கும் கூடுதல் தூக்கல், தாங்கிப் பிடிக்கும். ஓரத்தில் நிலம் சரிந்ததும் அந்தத் தாங்கல் போய்விடும். சீனரியில் பிழை என்று மெஷ்ஷை மறுபடி நோண்டுவதற்குமுன் எரிபொருளைப் பாதியாக்கிப் பார்க்கவும்.