"மனநலம் குன்றியவர்" என்று யாரைச் சொல்கிறோம்?

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவத்தைப் படித்துத் திருத்தித் தரச் சொன்னார்கள். முதல் பக்கத்தின் தலைப்பே இப்படி இருந்தது: "மனநலம் குன்றியவர்களின் மனநலம் பற்றிய ஆய்வு." ஆங்கில மூலத்தில் குழப்பம் எதுவும் இல்லை. இன்டலெக்சுவல் டிசபிலிட்டி, அதாவது அறிவுத்திறன் குறைபாடு, உள்ள பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் அது எப்படி வெளிப்படுகிறது என்று பார்க்கப் போகிறார்கள், அவ்வளவுதான். தமிழ்த் தலைப்பைப் படிக்கும் ஒரு தாய்க்கு என்ன தோன்றும்? மனநலம் குன்றியவன் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அப்புறம் என் மகனிடம் வந்து எதைத் தேடப் போகிறீர்கள் என்றுதானே?

செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் இந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்துப் பொறுத்துக்கொண்டிருந்தேன். ஆய்வுப் படிவத்துக்குள்ளேயே அது வந்து உட்கார்ந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பை விரைவாகப் பார்த்துவிடலாம். இன்டலெக்ட் என்பதன் வேர் லத்தீன். 'இன்டர்' என்றால் இடையே, 'லெகெரே' என்றால் பொறுக்கியெடு, படி. பலவற்றுக்கு நடுவே வேண்டியதைத் தெரிந்தெடுப்பதுதான் மூலப் பொருள். நம் 'தெரிதல்' அப்படியே இதற்கு இணை. 'எனக்குத் தெரியும்' என்பதிலும் அதுதான், 'தெரிவு செய்தான்' என்பதிலும் அதுதான். அறிவதும் தேர்ந்தெடுப்பதும் ஒரே வினைச்சொல்லுக்குள் இருக்கின்றன.

ஆங்கிலத்தில் இந்த நிலைக்குப் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 'இடியட்', 'இம்பெசில்' என்பவை ஒரு காலத்தில் மருத்துவர்கள் எழுதிய வகைப்பெயர்கள். 1910இல் ஹென்றி காடர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் கிரேக்கத்திலிருந்து 'மோரான்' என்பதை உருவாக்கிச் சேர்த்தார். மூன்றும் வசையாகிப் போயின. பிறகு 'மென்டல் டெஃபிஷியன்சி', அதன்பின் 'மென்டல் ரிடார்டேஷன்'. 1957இல் மென்டல் டெஃபிஷியன்சி என்ற பெயரோடு தொடங்கிய பிரிட்டிஷ் ஆய்விதழ் 1992இல் இன்டலெக்சுவல் டிசபிலிட்டிக்கு மாறியது. இந்தத் துறைக்கென 1876இல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் சங்கம் 2007இல் அதே பெயருக்கு மாறியது. 2010இல் 'ரோசாவின் சட்டம்' அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து ரிடார்டேஷனை நீக்கியது.

இன்டலெக்சுவல் டிசபிலிட்டி என்பதன் பொருள் இதுதான்: நுண்ணறிவுச் சோதனையில் சராசரியைவிட ஏறக்குறைய இரண்டு திட்ட விலக்கம் (மதிப்பெண்களின் பரவலை அளக்கும் அலகு, இங்கே ஒன்றுக்கு 15 புள்ளி) கீழே, அதாவது சராசரி 100 என்றால் 70க்கு அருகில் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் குறைவு இருக்க வேண்டும். இரண்டும் வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். 1961இல் வந்த அமெரிக்க வரையறை ஒரே ஒரு திட்ட விலக்கத்தில் கோடு போட்டது. 1973இல் அதை இரண்டாக்கினார்கள். 70க்கும் 85க்கும் இடையில் இருந்தவர்கள் தங்களிடம் எதுவும் மாறாமலே வரையறைக்கு வெளியே வந்துவிட்டார்கள். கோடு எங்கே என்பதே இப்படி நகரக்கூடியது என்றால், அதன் மேல் ஒட்டும் பெயரில் எவ்வளவு கவனம் வேண்டும்!

சரி, தமிழுக்கு வருவோம். புறநானூற்றின் 28ஆம் பாட்டு பிறவிக் குறைகளை எட்டாக அடுக்குகிறது. அதில் 'மருள்' என்று ஒன்று வருகிறது, அறிவு மயங்கிய நிலை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பின்னாளில் வடமொழி வழியே 'மந்தபுத்தி' வந்தது. மந்தம் என்றால் வேகக்குறைவு. ரிடார்டேஷனின் லத்தீன் வேரும் அதே பொருள்தான். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நேராக 'மனவளர்ச்சி குன்றியோர்' என்று ஆக்கினார்கள். அது கிளைத்து 'மூளை வளர்ச்சி குன்றியோர்' ஆனது. இவை எதற்குமே நேர் இல்லாமல், 'வளர்ச்சி' இருந்த இடத்தில் யாரோ 'நலம்' என்று போட்டுவிட, 'மனநலம் குன்றியோர்' பரவிவிட்டது. ஒரு சொல்தானே மாறியது என்று விட்டுவிட முடியாது. அந்த ஒரு சொல்லோடு பொருள் முழுவதும் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

மனநலம் என்பதை இன்று நாம் மென்டல் ஹெல்த் என்ற பொருளில் ஆள்கிறோம். மனநல மருத்துவர், மனநல ஆலோசனை எல்லாம் அப்படி வந்தவை. அப்படியானால் மனநலம் குன்றியவர் என்றால் மனச்சோர்வோ, மனச்சிதைவோ, வேறு மனநோயோ உள்ளவர் என்றுதான் பொருள். அந்த நோய்கள் எந்த வயதிலும் வரலாம், பல நேரம் மருத்துவத்தால் தணியும். அறிவுத்திறன் குறைவு வளரும் பருவத்திலேயே தொடங்குவது. மாத்திரையால் குணமாகும் நோயும் இல்லை. பயிற்சியும் துணையும் இருந்தால் வாழ்க்கை மேம்படும். ஒருவருக்கு ஒன்று மட்டும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

பழைய பொருளை எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். சிற்றினம் சேராமை அதிகாரத்தில் வள்ளுவர் "மனநலம் மன்னுயிர்க் காக்கம்" என்கிறார். அங்கே மனநலம் என்பது மனத்தின் நன்மை, உள்ளம் தூயதாக இருப்பது. அந்தத் தமிழில் நின்று பார்த்தால் மனநலம் குன்றியவர் என்றால் நல்ல மனம் இல்லாதவர்! எந்தக் குழந்தையைப் பார்த்து இதைச் சொல்கிறோம்?

"யாருக்குப் புரியவில்லை? எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்?" என்று கேட்கும் மொழிபெயர்ப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் புரிகிறது, தப்பாகப் புரிகிறது. இந்தத் துறையின் ஆய்வு வரலாற்றில் பெரும்பகுதி, மனநோயையும் அறிவுத்திறன் குறைவையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட வரலாறு. 1982இல் ஸ்டீவன் ரைஸும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒன்றைக் காட்டினார்கள். ஒரே மாதிரியான மனக்கோளாறு அறிகுறிகளை விவரித்துவிட்டு, இவருக்கு அறிவுத்திறன் குறைவும் இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னால், உளவியலாளர்களே அந்த மனக்கோளாற்றைக் குறைவாக மதிப்பிட்டார்கள். ஒரு குறையின் பெயர் இன்னொரு துன்பத்தை மூடிவிடுகிறது. இதற்கு 'டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்' என்று பெயர் வைத்தார்கள். தமிழில் 'நோயறிதல் நிழலிடல்' என்று யாரோ பெயர்த்திருந்ததைப் பார்த்தேன். நிழலிடல் என்றால் குடை பிடிப்பது போலல்லவா இருக்கிறது? 'அறிகுறி மறைப்பு' என்றாலே போதும்.

பேச வராத ஒருவர் திடீரென்று தன் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தொடங்குகிறார் என்று வையுங்கள். சொத்தைப் பல்லாக இருக்கலாம், காதுவலியாக இருக்கலாம். "அவர் அப்படித்தான்" என்று விட்டுவிட்டால் பல் அப்படியே இருக்கும், அறையும் தொடரும். இரண்டு மாதமாகச் சாப்பிடாமல், தூங்காமல், பிடித்த பாட்டைக் கேட்டும் திரும்பாமல் ஒருவர் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அங்கேயும் அதே "அவர் அப்படித்தான்". மனநலம் குன்றியவர் என்ற தமிழ்ச் சொல் இந்த மறைப்பை மொழிக்குள்ளேயே செய்துவைத்துவிடுகிறது. பெயரிலேயே மனநலம் போய்விட்டது என்று எழுதிய பிறகு, அவருக்கு மனநோய் வந்தால் அதைச் சொல்ல நம்மிடம் வேறு சொல்லே இல்லை.

எண்ணிலும் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அறிவுத்திறன் குறைபாடு உள்ள 1,023 பெரியவர்களை நேரில் மதிப்பிட்ட ஆய்வு 2007இல் வெளியானது. மருத்துவர்களின் நேரடி மதிப்பீட்டில், தன்னையோ பிறரையோ தாக்குவது போன்ற சிக்கலான நடத்தையையும் சேர்த்துக் கணக்கிட்டே, 40.9 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. இது அதிகம்தான், கவலைப்பட வேண்டிய அளவு. ஆனாலும் நூற்றில் மற்ற 59 பேர்? அவர்களுக்குக் குன்றிய மனநலம் எது? அதே மக்களை அமெரிக்க மனநோய்க் கையேட்டின் அளவுகோல்படி கணக்கிட்டபோது விழுக்காடு 15.7 ஆகச் சுருங்கியது. பொதுவான அளவுகோல்கள் பலவும் "எனக்குக் குற்றவுணர்வாக இருக்கிறது", "நம்பிக்கையே இல்லை" என்று நோயாளி தன் வாயால் சொல்வதை எதிர்பார்ப்பவை. சொல்லத் தெரியாதவர் கணக்கில் விடுபட்டுப்போகிறார். ஒரு கோட்டை எங்கே போடுவது என்று ஆய்வாளர்கள் இவ்வளவு பாடுபடும்போது, மொழிபெயர்ப்பு அந்தக் கோட்டையே அழித்துவிட்டுப் போகிறது.

மற்றச் சொற்களுக்கும் ஒரு வார்த்தை. 'மூளை வளர்ச்சி குன்றியவர்' உடற்கூறு சொல்லும் சொல். இந்த நிலையில் உள்ள பலருக்கு மூளையின் வளர்ச்சி குன்றியதாகப் படத்தில் எதுவும் தெரியாது. வரையறையில் மூளையின் அளவுக்கு இடமும் இல்லை. 'மனவளர்ச்சி குன்றியவர்' மீது எனக்குக் கோபம் குறைவு. பெற்றோர் அன்போடு சொல்லிப் பழகிய சொல், வளர்ச்சி என்ற சரியான குறிப்பும் அதில் இருக்கிறது. ஆனால் 'மனம் வளரவில்லை' என்பது உண்மையா? நாற்பது வயதுக்காரர் தன் தந்தை இறந்ததும் நாற்காலியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தத் துக்கம் நாற்பது வயதுத் துக்கம். 'மனவயது ஐந்து' என்பது சோதனையில் வாங்கிய மதிப்பெண்ணை வயதாக மாற்றிச் சொல்லும் கணக்கு. அதைக் கேட்டுவிட்டு அவரிடம் ஐந்து வயதுக் குழந்தையிடம் பேசுவது போல் பேசுகிறார்கள். பாரிஸில் இந்தச் சோதனையை உருவாக்கிய பினே, பிரெஞ்சில் 'மன மட்டம்' என்றுதான் எழுதினார். அது வேறு மொழிகளுக்குப் போகும்போது 'மனவயது' என்று இறுகியது. மொழிபெயர்ப்பில் வந்த வினை அங்கேயும் உண்டு.

இப்போது புதிதாகப் புழங்குவது 'அறிவுசார் குறைபாடு', 'அறிவுசார் இயலாமை', 'அறிவுசார் மாற்றுத்திறன்'. இந்தச் 'சார்' ஒரு தொற்று. ஆங்கிலத்தில் பெயரடை கண்ணில் பட்டால் உடனே ஒரு சார். இன்டலெக்சுவல் என்றாலே அறிவுசார் என்று மனப்பாடமாகிவிட்டதால், அறிவுசார் சொத்துக்கும் அறிவுசார் குறைபாட்டுக்கும் ஒரே சட்டை. அறிவைச் சார்ந்த குறைபாடு என்றால் என்ன? படிக்காததா? தகவல் தெரியாததா? தமிழில் அறிவு மிகப் பெரிய சொல். தொல்காப்பியம் உயிர்களை அறிவால் வகுக்கிறது, "ஆறறிவதுவே அவற்றொடு மனனே" என்று மனிதருக்கு ஆறாவதாக மனத்தை வைக்கிறது. "அறிவுடையார் எல்லாம் உடையார்" என்பது குறள். இந்த அறிவு குறைந்தது என்று சொன்னால் மனிதத் தன்மையிலேயே கைவைத்தது போலாகிறது. அளந்தது அதை இல்லையே. அளந்தது சில குறிப்பிட்ட திறன்களை: காரணம் காண்பது, புதிதாகக் கற்பது, நினைவில் நிறுத்துவது. ஆகவே 'திறன்' சேர வேண்டும்.

மாற்றுத்திறனாளி என்று ஒருவரை மரியாதையாகக் குறிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆய்வில் 'அறிவுசார் மாற்றுத்திறனின் தீவிரம்' என்று எழுதும்போதுதான் இடிக்கிறது. மாற்றுத்திறன் தீவிரமாக இருந்தால் நல்லதுதானே என்று வாசகர் நினைத்தால் அவர்மேல் பிழை சொல்ல முடியாது.

நான் எழுதுவது 'அறிவுத்திறன் குறைபாடு'. ஐயம் வரும் இடத்தில், உதாரணமாக முதுமையில் வரும் மறதிநோயோடு குழம்பக்கூடிய இடத்தில், 'அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு' என்று முழுமையாக எழுதுவேன். இந்த வேறுபாடு கட்டாயம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. டவுன் நோய்க்குறித் தொகுதி (டவுன் சிண்ட்ரோம்) உள்ளவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல். அல்சைமர் நோயோடு தொடர்புள்ள ஒரு புரதத்தின் மரபணு அதே குரோமோசோமில் இருப்பதால், நாற்பது ஐம்பது வயதிலேயே அந்த நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். பிறவியிலிருந்து இருந்த குறைபாடும் பின்னால் வந்த தேய்வும் ஒரே ஆளிடம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மருத்துவர் எழுதும் அறிக்கையைக் குடும்பம் எப்படிப் புரிந்துகொள்ளும்?

இன்னொரு பள்ளம். பிரிட்டனில் இதே நிலையை 'லேர்னிங் டிசபிலிட்டி' என்கிறார்கள். அமெரிக்கா, இந்தியா போன்ற நாடுகளில் அந்தப் பெயர் எழுத்து, வாசிப்பு, கணக்கில் மட்டும் தடுமாறும் குழந்தைகளுக்கு. அவர்களுடைய பொது அறிவுத்திறன் சரியாகவே இருக்கும். பிரிட்டிஷ் கட்டுரையைக் கண்ணை மூடிக்கொண்டு 'கற்றல் குறைபாடு' என்று பெயர்த்தால், வாசிப்பில் திணறும் பத்து வயதுப் பையனின் பெற்றோர் தங்களுக்குச் சம்பந்தமில்லாத புள்ளிவிவரத்தைப் படித்துப் பதறுவார்கள். கட்டுரை எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அந்த ஒப்புதல் படிவத்தின் தலைப்பை "அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெரியவர்களிடம் மனச்சோர்வு" என்று மாற்றிக் கொடுத்தேன். கலந்துகொள்பவரே படிப்பதற்கென்று தனியாக ஒரு பக்கம் இருந்தது. அதில் கலைச்சொல் எதுவுமே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். இந்த நிலையில் உள்ளவர்கள் புரியாதபோது 'ஆம்' என்று சொல்லிவிடும் போக்கை 1981இலேயே கேரல் சிகல்மனும் உடன் ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். அதனால் "சம்மதமா?" என்று ஒரே கேள்வியோடு முடிந்திருந்த அந்தப் பக்கத்தில் இப்படி இருக்கட்டும் என்று எழுதிவைத்தேன்: "உங்களுக்கு வருத்தமாக இருக்கும்போது என்ன செய்வீர்கள் என்று உங்களிடம் கேட்க வருகிறோம். பேசலாம். பேசாமலும் இருக்கலாம். பேச வேண்டாம் என்றால் யாரும் கோபப்பட மாட்டார்கள். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று உங்கள் வார்த்தையில் ஒருமுறை சொல்லுங்கள்."