வெள்ளம் வடிந்ததும் சாவியைத் திருப்பாதீர்கள்

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் சர்வேயர் என்றால் நிலம் அளக்க வருபவர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பட்டா விவகாரத்தோடு என்னைத் தேடி வந்தவர்களும் உண்டு. நான் செய்வது வாகனக் காப்பீட்டுச் சர்வே. விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கிய வண்டியை ஷெட்டுக்குப் போய்ப் பார்த்து, சேதம் எவ்வளவு, பாலிசியின்படி கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று அறிக்கை எழுதுவது என் வேலை. மலையும் பாறையுமான இந்த மாவட்டத்தில் வெள்ளச் சேதக் கிளைம் என்பது எனக்குப் பல ஆண்டுகள் ஏட்டுப் பாடமாகவே இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையில் குவிந்த கிளைம்களுக்கு ஆள் போதாமல் வெளி மாவட்டத்தாரையும் அழைத்தபோதுதான், வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் அந்தப் பாடத்தை நேரில் படித்தேன்.

அந்தப் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. கரையை ஒட்டி வடக்கே நகர்ந்து, டிசம்பர் 5 அன்று ஆந்திராவின் பாபட்லா அருகேதான் கரையேறியது. ஆனால் 3, 4 தேதிகளில் அது கொட்டிய மழை போக வழியில்லாமல் நின்றுவிட்டது. நம் ஊரில் தண்ணீர் சரிவைப் பார்த்து ஓடிவிடும். கடலோர நகரத்திலோ அது போய்ச் சேர வேண்டிய இடம் கடல். அந்தக் கடலே புயல் நேரத்தில் மட்டம் உயர்ந்து, முகத்துவாரத்தில் வெள்ளத்தை உள்ளே விடாமல் எதிர்த்து நிற்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து நீர் ஒக்கியம் மடுவு என்ற வாய்க்கால் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு வரை போய்த்தான் கடலில் கலக்க வேண்டும். அந்தச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடங்களும் குப்பைக் கிடங்கும் எடுத்துக்கொண்ட பிறகு, தேங்குவதற்கு மிஞ்சிய இடம் அடுக்குமாடிகளின் தரைக்கீழ் வண்டி நிறுத்தங்கள்தான்.

ஒரு மணி நேரம் தண்ணீரில் நின்ற காரும் நான்கு நாள் நின்ற காரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கதவைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும். சாக்கடை கலந்த நீர் சீட்டின் பஞ்சுக்குள் ஊறி அழுகிய வாடை, டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் இணைப்புகளில் பூத்திருக்கும் பச்சைப் பொடி, ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் ஆவி. நாங்கள் சேதத்தைத் தண்ணீர் ஏறிய உயரத்தை வைத்துப் பிரிப்போம்: தரைவிரிப்பு வரை, சீட் வரை, டேஷ்போர்டு வரை. டேஷ்போர்டு வரை ஏறிவிட்டால் பழுதுச் செலவு பெரும்பாலும் வண்டியின் ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதன் பிறகு பழுது பார்க்கும் பேச்சே இல்லை, முழு இழப்பு என்றுதான் எழுதுவோம்.

இதெல்லாம் தண்ணீர் செய்த வேலை. என்னை அதிகம் வருத்தியவை, தண்ணீர் தரைவிரிப்பு வரையே வந்து வடிந்துபோன வண்டிகள். அவற்றில் பலவற்றுக்கு எஞ்சினைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. சொந்தக்காரர் சொல்வது அநேகமாக ஒரே வாக்கியம்: “ஒரே ஒரு தடவைதான் செல்ஃப் அடிச்சேன் சார்.” அந்த ஒரு தடவை போதும். எஞ்சின் சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால், தண்ணீர் அமுங்காது. மேலேறும் பிஸ்டன் அதில் முட்ட, அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். வேளச்சேரி ஷெட் ஒன்றில் அப்படிக் கழற்றிய நான்கு ராடுகளை மெக்கானிக் மேசையில் வரிசையாக வைத்துக் காட்டினார். மூன்று நேராக இருந்தன. நான்காவது, சற்றே தலை சாய்ந்தது போல வளைந்திருந்தது. அந்தச் சாய்வுக்கு எஞ்சின் வேலை மட்டுமே லட்சத்தைத் தாண்டியது.

இந்த இடத்தில்தான் கிளைம் சிக்கும். வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதத்துக்குப் பணம் உண்டு. சேதமான வண்டியை இயக்கியதால் கூடிய சேதம் சொந்தக்காரர் பொறுப்பு என்று பாலிசியிலேயே இருக்கிறது. எஞ்சின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பை எடுத்திருந்தால் ஒழிய, வளைந்த ராடுக்கு என்னால் ஒரு ரூபாயும் எழுத முடியாது. எழுத மனம் வந்தாலும் முடியாது.

சென்னையிலிருந்து திரும்பியதும் இங்குள்ள வண்டிக்காரர்களிடம் இதைச் சொன்னபோது, நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தார்கள். அடுத்த ஆண்டே, 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், அங்கேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டு உள்நாட்டுக்குள் நகர்ந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை. ஊத்தங்கரை பேருந்து நிலையப் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு போன காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. அதே நீர் பாம்பாற்றிலும் தென்பெண்ணையிலும் இறங்கிச் சாத்தனூர் அணைக்குப் போக, அன்று அதிகாலை அங்கிருந்து திறந்துவிடப்பட்ட விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் விழுப்புரத்தையும் கடலூரையும் மூழ்கடித்தது. சம்பந்தம் இவ்வளவுதான்: புயல் கடலிலிருந்து இங்கே வருகிறது, தண்ணீர் இங்கிருந்து கடலுக்குப் போகிறது.

அந்த வாரம் நான் பார்த்த வண்டிகளில் சேறு, கல், நசுங்கிய கூரை என்று சேதத்தின் முகமே வேறாக இருந்தது. ஏமாற்றத்தின் முகம் மட்டும் சென்னையில் கண்டதேதான். “இன்சூரன்ஸ் உயிரோடதான் இருக்கு” என்று நம்பி வந்தவர்களில் சிலரிடம் இருந்தது, நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு 3 ஆண்டுக்கும் புதிய இரு சக்கர வாகனத்துக்கு 5 ஆண்டுக்கும் அதை மொத்தமாக எடுத்தாக வேண்டும். சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும். தாளில் இருக்கும் இரண்டு தேதிகளில் பிந்தையதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகிறோம். இன்றே அந்தத் தாளை எடுத்து, ‘ஓன் டேமேஜ்’ (சொந்தச் சேதம்) என்ற வரிக்கு நேரே என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள்.

வண்டி மூழ்கிவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சாவியைத் தொடாமல், எட்டும் நிலையில் இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, கழுவுவதற்கு முன்பே நீர்க்கோடு தெரியும்படி படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, கயிறு கட்டி இழுக்காமல் ஏற்றுவண்டியில் ஷெட்டுக்கு அனுப்புங்கள். மின்சார வாகனம் என்றால் நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம்.

முழு இழப்பு என்று நான் எழுதிய கார்கள் ஏலத்தில் போகின்றன. சீட் மாற்றி, வாடை போக்கி, அவற்றில் சில நம் பக்கத்துப் பழைய கார் சந்தைக்கு ஏறி வருகின்றன. பர்கூரிலிருந்து என் சொந்தக்காரப் பையன் ஒருவன் மலிவாகக் கிடைத்ததாகச் சொல்லிச் சென்னைப் பதிவெண் கொண்ட காரைக் காட்ட வந்தான். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுக்கச் சொன்னேன். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு சாண் துணியில் காய்ந்த சேறு கோடு போட்டிருந்தது. முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். மறு வாரம் அந்தப் பக்கம் போனபோது கார் அங்கே இல்லை, விற்றுவிட்டது என்றார்கள்.